கோதண்டராமனின் சம்மதம்

விருத்தாம்பாள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கடிக்கிற பழக்கம் உண்டு. பிறவியிலேயே வந்த பழக்கமல்ல. ஒரு ஐப்பசி மழையில் சமையலறைச் சுவர் மேலிருந்து கீழ்வரை ஊறி, காய்ந்து, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்ததே, அதற்குப் பிறகு வந்தது. கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று ஒன்று ஏறி முழங்கை வரை ஓடும். தயிர் எடுக்கப் போய்த் தயிரைத் தரைக்குக் கொடுத்துவிட்டு வந்த நாட்கள் உண்டு.

"இன்னாங்க, இன்னைக்கும் அடிச்சுது."

"எது?"

"நான் வேற எதைச் சொல்லப் போறேன். ஃப்ரிட்ஜுதான்."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் பாண்டுரங்கன் எழுந்து வருவார். ரப்பர் செருப்பு சளக் சளக்கென்று தட்டிக்கொண்டு வரும். சர்க்கரை வந்து பாதம் மரத்துப் போனதிலிருந்து வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்து நின்று, காய்ச்சல் பார்க்கிறவர் மாதிரி உள்ளங்கையை முழுசாக ஃப்ரிட்ஜ் மேல் வைப்பார்.

"அடிக்கலயே."

"செருப்பைக் கழட்டிட்டுத் தொடுங்க."

"டாக்டர் கழட்டக் கூடாதுன்னாரு. நீ வேணும்னா ஒண்ணு போட்டுக்கோ."

"அடுப்பு எரியற எடத்துல செருப்பா? நல்லாருக்குது நாயம்."

அதற்கு மேல் பேச்சு நகராது. அவர் செருப்பைக் கழற்ற மாட்டார், இவள் செருப்பைப் போட மாட்டாள். நடுவில் ஃப்ரிட்ஜ் நின்று உறுமிக்கொண்டிருக்கும்.

செஞ்சிக் கோட்டையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் அந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் புகும். அதில் பெரிய கடுவன் ஒன்று ஒரு நாள் மத்தியானம் இவள் சமையலறைக்குள் வந்து ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்து இழுத்தது. வீலென்று கத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் போனதுதான், அதற்கப்புறம் அதன் கூட்டத்தில் ஒன்றுகூட அந்த வீட்டுப் பக்கம் தலைவைக்கவில்லை.

"குரங்குக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குத் தெரியல."

"அது ஃப்ரிட்ஜ் இல்ல விருத்தா. நைனா வெரட்டினது."

நைனா என்று அவர் சொன்னது, செத்துப்போன தன் அப்பா கோதண்டராமனை. அந்த வீட்டைக் கட்டியவர். வயர்மேன் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வயரையும் இழுக்க வைத்தவர். ஆகையால் அந்த வயரில் இன்னொருவன் கைவைக்கக் கூடாது என்பது பாண்டுரங்கனின் சட்டம். பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் விருத்தாம்பாள் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் சமையலறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைப்பது. மாவு, தயிர், தேங்காய் எல்லாம் பயமில்லாமல் எடுத்துப் புழங்கி, சமையல் முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் மறுபடி போடுவது. அணைத்துவிட்டால் ஃப்ரிட்ஜும் ஒரு பீரோதான். பீரோ யாரைக் கடிக்கும்?

கோதண்டராமன் இப்போது கூடத்துச் சுவரில் எவர்சில்வர் சட்டத்துக்குள் இருந்தார். மீசை இரண்டு பக்கமும் சமமாக இல்லாத படம். பாண்டுரங்கன் ஏதாவது முடிவெடுக்க வேண்டுமென்றால் குளித்து, நாமம் போட்டு, அந்தப் படத்தின் முன்னால் போய் நிற்பார். அங்கே மட்டும் டாக்டர் பேச்சு செல்லாது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விஷயத்தைச் சொல்லி, சட்டத்தின் அடிப்பக்கத்தை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணை மூடுவார். உடம்பு சிலிர்த்தால் நைனா சரி என்கிறார். சிலிர்க்காவிட்டால் நைனாவுக்கு இஷ்டமில்லை.

அமாவாசை மத்தியானம் படையல் போட்டுத் தொட்டால் நைனா தவறாமல் வருவார். பழைய வேன் ஒன்று விலைக்கு வந்தபோது அமாவாசையில்தான் கேட்டார், சரி என்றார். பஜாரில் இருக்கும் தன் விதைக் கடைக்கு மேலே ஒரு மாடி எடுக்கலாமா என்று இன்னொரு அமாவாசையில் கேட்டார், அதற்கும் சரி என்றார். மாமனார் உயிரோடு இருந்தபோதே எதிரில் நின்று பேசாத விருத்தாம்பாள், படத்தையும் தொட்டதில்லை. பொட்டு வைப்பது, மாலை போடுவது எல்லாம் அவர் வேலை.

மகன் எழிலன் கல்யாண விஷயத்தில்தான் நைனா முரண்டு பிடித்தார். கல்யாணப் பேச்சை அமாவாசையில் எடுப்பார்களா? வளர்பிறை பார்த்து, காலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டதில் பனமலைப் பெண்ணுக்கு நைனா அசையவில்லை. அனந்தபுரத்துப் பெண்ணுக்கு அசையவில்லை. திண்டிவனத்திலிருந்து வந்த ஜாதகத்தில் பொருத்தம் அத்தனையும் இருந்தது, அதற்கும் மனிதர் கல்லாக இருந்துவிட்டார். எழிலனுக்கு முன்னந்தலையில் முடி பின்வாங்க ஆரம்பித்திருந்தது.

இப்போது வந்திருந்தது அவலூர்பேட்டைப் பெண். பெயர் அன்புக்கரசி, அங்கே மெடிக்கல் ஷாப்பில் வேலை. அந்த ஜாதகம் தரகர் கையில் தானாக வந்து சேரவில்லை, விருத்தாம்பாள் சொல்லி வரவழைத்தாள். எழிலன் அங்கே உள்ள கடைகளுக்கு விதை போடுவதற்காக அவலூர்பேட்டைக்கு வேன் எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தான். ஒரு நாள் அவன் அலமாரியைத் துடைக்கப் போனவள், பிரிக்காத மாத்திரை அட்டைகள் அடுக்கடுக்காக இருப்பதைப் பார்த்தாள்.

"இன்னாடா இது, உனக்குத் தலைவலியா?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ?"

எழிலன் அட்டைகளை உள்ளே தள்ளி அலமாரியைச் சாத்தினான். காது சிவந்திருந்தது. அந்தக் காதைப் பார்த்த அன்றே விருத்தாம்பாள் தீர்மானித்துவிட்டாள். இந்தப் பெண்ணைக் கோதண்டராமன் வேண்டாமென்று சொல்லிவிடக் கூடாது.

சொல்லவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் அடுத்த கவலை இருந்தது. பெண் வீட்டார் வீடு பார்க்க வருவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். பெண்ணைப் பெற்றவள் சமையலறையை எட்டிப் பார்த்து, மரியாதைக்கு ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டாலும் போதும். பொண்ணைக் குடுக்கப் போற வீட்ல கரண்ட் அடிக்குது என்று அவலூர்பேட்டை முழுக்கத் தெரிந்துவிடும்.

பாண்டுரங்கன் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து விருத்தாம்பாள் காலித்துக்குப் போன் போட்டாள். எழிலனோடு படித்தவன், வயரிங் வேலை செய்கிறவன். தோளில் பையோடு வந்து நின்றான்.

"எங்க அத்த அடிக்குது?"

"ஃப்ரிட்ஜைத் தொட்டா அடிக்குது. உங்க மாமாவுக்கு மட்டும் அடிக்கல."

"மாமா வீட்டுக்குள்ளயும் செருப்பு போடறாரு இல்ல. ரப்பர் மேல நின்னா தெரியாது."

"இத ஒன்றரை வருஷமா நானும் சொல்றேன். நீ சொன்னா வயர்மேன் சொன்னது, நான் சொன்னா பொலம்பல்."

காலித் டெஸ்டரை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தான். அதற்குள் விளக்கு சின்னதாகச் சிவந்தது. மெயினை இறக்கிவிட்டு வந்து, பின்னாலிருந்த பிளக் பலகையைக் கழற்றினான். உள்ளேயிருந்து காவிப் பொடி கொட்டியது.

"யப்பா. இன்னா அத்த இது, வயருக்குத் தோலே இல்ல. தொட்டா மாவாக் கொட்டுது. உங்க கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது போலருக்குதே."

"என் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்ததெல்லாம் இந்த வீட்ல அப்படியேதான் இருக்குது. உங்க மாமா உட்பட."

"செவுத்துல ஈரம் நிக்குது. சுவிட்சைப் போட்டா அதுல கரண்ட் கசிஞ்சு எர்த் கம்பிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஏறுது. எர்த் கம்பி சரியா மண்ணுக்குப் போயிருந்தா இந்நேரம் ஃபியூஸ் போயிருக்கும், உங்களுக்கும் விஷயம் தெரிஞ்சிருக்கும். அது எங்க போவுதுன்னே தெரியல."

சுவரை ஒட்டி ஓடிய கம்பியைக் கண்ணாலேயே துரத்திக்கொண்டு போனான். அது சமையலறையைத் தாண்டி, கதவு நிலைக்கு மேலே ஏறி, கூடத்துக்குள் நுழைந்தது. கூடத்துச் சுவரில் பாதி தூரம் இறங்கி, கோதண்டராமன் படத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. காலித் எட்டிப் பார்த்தான்.

"அத்த, படத்தை எதுல மாட்டியிருக்கீங்க?"

"டைல்ஸ் போட வந்தவங்க கீழ ஏதோ கம்பியை வெட்டி விட்டுட்டாங்க. மீதி சும்மாத் தொங்கிட்டு இருந்துது. ஆணி எதுக்கு அடிக்கணும், கம்பி ரெடியா இருக்குதுன்னு உங்க மாமா அதுலயே முறுக்கி மாட்னாரு."

காலித் போய் மெயினை ஏற்றினான். திரும்பி வந்து டெஸ்டரை எவர்சில்வர் சட்டத்தின் அடியில் வைத்தான். சிவந்தது.

"அத்த. தாத்தா மேல கரண்ட் ஓடுது."

விருத்தாம்பாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கை தானாக வாயைப் பொத்தியது.

"இரு. அப்படியே புடி. நான் போய் ஃப்ரிட்ஜை அணைக்கறேன்." சமையலறைக்குள் ஓடினாள். "இப்ப?"

"எரியல."

"இப்ப?"

"எரியுது."

"இப்ப?"

"எரியல அத்த. தாத்தாவைப் போட்டுப் போட்டு அணைக்காதீங்க, பாவம்."

விருத்தாம்பாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அமாவாசை மத்தியானங்களில் படையல் முடியும்போது ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். வளர்பிறைக் காலைகளில் அவள் சமைத்துக்கொண்டிருப்பாள், ஃப்ரிட்ஜ் அணைந்திருக்கும். பனமலைப் பெண்ணைக் கேட்ட அன்று தோசை வார்த்தாள். அனந்தபுரத்துப் பெண்ணுக்கு மோர்க்குழம்பு. திண்டிவனத்துக்கு என்ன செய்தாள் என்று நினைவில்லை, என்னவாக இருந்தாலும் அதில் தேங்காய் இருந்திருக்கும்.

"மூணு மருமகளை நானே என் கையால அணைச்சிருக்கேன் காலித்து."

அவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல காலித் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"சரி அத்த, மெயினை எறக்கறேன். இன்னைக்கே இதை உரிச்சாத்தான் ஆவும்."

"இன்னைக்கு வேணாம். நாளைக்குக் காலையில உங்க மாமா அவலூர்பேட்டைப் பொண்ணைக் கேக்கப் போறாரு. கேக்கட்டும். சிலிர்க்கட்டும். அப்புறம் நீ வீட்டையே உரிச்சுப் போடு."

"இன்னா வெளையாட்டு இது? இன்னைக்குச் சுருக்குனு அடிக்குது. ஈரம் கொஞ்சம் கூடினா ஆளையே இழுத்துரும். பாத்துட்டுப் பாக்காத மாதிரி போவ எனக்கு மனசு வராது."

"எழிலன் அலமாரியில இருக்கற மாத்திரையை வந்து பாரு. அப்புறம் பேசு."

காலித்துக்கு அந்த மாத்திரை விஷயம் முன்பே தெரியும்போல. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஒண்ணு பண்ணலாம். இப்ப எல்லாத்தையும் கழட்டி விட்டுட்டுப் போறேன், ராத்திரி யாரும் ஃப்ரிட்ஜைப் போடக் கூடாது. காலையில நானே வந்து மாட்டி, மெயின்கிட்ட நிப்பேன். மாமா தொட்டு எடுத்ததும் எறக்கிடுவேன். இதுக்கு மேல என்னக் கேக்காதீங்க."

"பாலு கெட்டுப்பூடுமே."

"பாலா, மருமகளா அத்த?"

"உனக்கு இருக்கற வாய்க்கு வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

மறுநாள் காலையில் உப்புமாதான். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். காலித் எழிலனைப் பார்க்க வந்தவன் மாதிரி வந்து, வயரை மாட்டிவிட்டு, நடையிலிருந்த மெயின் பெட்டிக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஃப்ரிட்ஜ் உறுமியது. விருத்தாம்பாளுக்கு அந்த உறுமல் அன்று நாதஸ்வரமாகக் கேட்டது.

பாண்டுரங்கன் குளித்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"நைனா. அவலூர்பேட்டைப் பொண்ணு. பேரு அன்புக்கரசி. மெடிக்கல்ல வேல செய்யுது. குடும்பம் நல்ல குடும்பம்னு சொல்றாங்க. நீ இன்னா சொல்ற?"

இரண்டு விரலை நீட்டினார். விரல் சட்டத்துக்குப் போய்ச் சேருவதற்குள் தலைக்கு மேலே மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. ஃப்ரிட்ஜ் ஒரு தடவை குலுங்கி அடங்கியது.

விருத்தாம்பாள் காலித்தைப் பார்த்தாள். காலித் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். நான் இல்லை.

பாண்டுரங்கன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தொட்ட விரலில் ஒன்றுமில்லை.

"வேணாங்கறாரு," என்றார்.

"கையை எடுக்காதீங்க."

"ஏன்?"

"வயசானவரு. யோசிக்க நேரம் குடுங்க."

"செத்துப்போனவருக்கு இன்னா விருத்தா வயசு?"

"செத்தப்பவே எம்பது. இப்ப இன்னும் கூடத்தான ஆவும்?"

நடையிலிருந்து காலித்தும் குரல் கொடுத்தான். "ஆமா மாமா. அவலூர்பேட்டை கொஞ்சம் தூரம். தாத்தா போய்ப் பாத்துட்டுத் திரும்பி வரணும் இல்ல?"

பாண்டுரங்கன் கையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். தோள் வலித்தது. விருத்தாம்பாள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது எழிலன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே உள்ளேயிருந்து வந்தான்.

"அம்மா, இன்னைக்கு செஞ்சி பூராவும் கரண்ட் கெடையாதாம். ஏதோ பராமரிப்பு வேலையாம், சாயந்தரம்தான் வருமாம். குரூப்ல போட்டிருக்காங்க."

பாண்டுரங்கன் கையை எடுத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"முடிஞ்சுதுப்பா. தாத்தா வேணாம்னுட்டாரு. தரகருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

எழிலன் கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தான். "சரிப்பா," என்றான். தண்ணீர் பாட்டிலை எடுத்தான், மறுபடி அதே இடத்தில் வைத்தான், வேன் சாவியைத் தேடினான். சாவி அவன் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகு விருத்தாம்பாளால் சும்மா இருக்க முடியவில்லை.

"போனைக் கீழ வைங்க. சாயந்தரம் வரைக்கும் யாருக்கும் போன் பண்ணக் கூடாது."

"ஏன், சாயந்தரம் இன்னா?"

"சாயந்தரம் உங்க நைனா திரும்பி வருவாரு."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று பாண்டுரங்கனை உட்கார வைத்துவிட்டது. அன்று கடைக்கே போகவில்லை. மத்தியானம் சாப்பிட்டார், படத்தைப் பார்த்தார், படுத்தார், எழுந்து மறுபடி படத்தைப் பார்த்தார். பகலெல்லாம் காலித்தும் போகவில்லை. போனால் மாமா தனியாக ஏதாவது தொட்டுவைப்பார் என்று பயம். மிச்ச உப்புமாவையும் அவன்தான் தின்று தீர்த்தான்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா காலித்து?"

"வேணாம் அத்த. கரண்ட் வரட்டும், வேற ஏதாச்சும் சாப்டலாம்."

வெயில் சாய்ந்து தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜ் இருமி எழுந்தது. விருத்தாம்பாள் கணவரைச் சமையலறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"செருப்பைக் கழட்டுங்க."

"டாக்டரு..."

"உங்க நைனா முன்னாடி கழட்டறீங்க. எனக்காவ ஒரு தடவை கழட்டுங்க."

கழற்றினார். "மாமா தொட வேணாம், டெஸ்டர் வச்சே காட்டறேன்," என்று சொல்லிக்கொண்டே காலித் பின்னால் ஓடிவந்தான். அவன் வருவதற்குள் பாண்டுரங்கன் இரண்டு விரலால் ஃப்ரிட்ஜைத் தொட்டுவிட்டார். படத்தைத் தொடுகிற அதே பக்தியோடு.

உடம்பு தூக்கிப் போட்டது. கையை இழுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நைனா இங்கயும் இருக்காரா?"

"நைனா எங்கயும் இல்லீங்க. கரண்ட்."

காலித் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டினான். பாண்டுரங்கன் கம்பியோடு நடந்து வந்து படத்துக்குக் கீழே நின்றார். முறுக்கியிருந்த முனையை எட்டிப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வேன் வாங்கலாம்னு சொன்னது?"

"ஃப்ரிட்ஜ்," என்றாள் விருத்தாம்பாள்.

"கடைக்கு மாடி எடுக்கலாம்னது?"

"ஃப்ரிட்ஜ்."

"பனமலைப் பொண்ணு வேணாம்னது?"

"தோசை மாவு."

"அனந்தபுரம்?"

"தயிர்."

பாண்டுரங்கன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சிரிக்கப் போகிறாரா அழப்போகிறாரா என்று அவருக்கே தெரியாத முகம்.

"வேன் நல்லாத்தான ஓடுது?"

"ஓடுதே. உங்க புள்ள அதுலதான அவலூர்பேட்டைக்குப் போய்ட்டுப் போய்ட்டு வரான்."

"இப்ப நான் யாரைக் கேக்கறது விருத்தா?"

"கட்டிக்கப் போறவனைக் கேளுங்களேன்."

கதவோரம் நின்ற எழிலனை அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் இவனைக் கேட்கலாம் என்று தோன்றாமல் போனதை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உனக்கு இன்னாடா?"

"எனக்குப் புடிச்சிருக்குதுப்பா."

"மொதல்லயே சொல்றதுதான?"

"நீங்க தாத்தாவைத்தான கேட்டீங்க."

அன்றைக்கே பாண்டுரங்கன் அவலூர்பேட்டைக்குப் போன் பண்ணி, எங்களுக்குச் சம்மதம், ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பாருங்கள் என்று தன் வாயால் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

மறுநாள் முதல் காலித்தும் அவன் ஆட்களும் வீட்டை உரித்தார்கள். பழைய வயர் ஓடிய மரப்பட்டிகள் வந்தன, அதற்குள்ளிருந்து கரையான் வந்தது, வயர் என்ற பெயரில் கறுப்புப் பொடி வந்தது. கொல்லையில் பள்ளம் தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, எர்த் கம்பியை ஒழுங்காக மண்ணுக்குள் இறக்கினார்கள். படத்துக்குப் புது ஆணி, நைலான் கயிறு. பாண்டுரங்கன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார். ஆட்கள் டீ குடிக்கப் போன சமயம் காலித்தை ஓரமாகக் கூப்பிட்டார்.

"காலித்து. ஃப்ரிட்ஜுல சுத்தமா எடுத்துடு. படத்துக்கு மட்டும் லேசா, துளியூண்டு விட்டு வைக்க முடியுமா?"

"மாமா, லேசாங்கற கணக்கெல்லாம் கரண்டுல கெடையாது."

"இல்ல, அமாவாசைக்கு அமாவாசை..."

"அத்தையைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம் வேணாம். சும்மா கேட்டேன்."

இது சமையலறைக்குள் இருந்த விருத்தாம்பாள் காதில் விழுந்தது. விழாத மாதிரி வெங்காயம் நறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அன்புக்கரசியின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள். மரியாதைக்குப் பாண்டுரங்கனும் செருப்பைக் கழற்றியிருந்தார். பெண்ணின் அம்மா சமையலறைக்குள் வந்து, விருத்தாம்பாள் பயந்தபடியே ஃப்ரிட்ஜ் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்று பேசினாள். எப்படித் துலக்கறீங்க, பாத்திரமெல்லாம் பளிச்சுனு இருக்குதே என்று ஆரம்பித்து, தங்கள் ஊரில் வேலைக்கு ஆள் கிடைக்காத கதை வரைக்கும் போனாள். கையை எடுக்கவேயில்லை. விருத்தாம்பாளுக்கு அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது.

கூடத்தில் பெண்ணின் அப்பா அவ்வளவு சுலபமாக இல்லை. வெள்ளை வேட்டியை மடித்து உட்கார்ந்துகொண்டு, வீடு சின்னதா பெரிசா என்று ஒன்றும் சொல்லாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். எழிலன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நிஜமாகவே தலைவலி வந்தவன் மாதிரி இருந்தான். காலித் பஜ்ஜித் தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தான்.

"எங்களுக்கு ஒரே பொண்ணு," என்றார் அவர். "போன எடத்துல எல்லாம் ஏதோ ஒண்ணு மனசுக்கு ஒட்ட மாட்டேங்குது. வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டுச் சொல்றேனே."

யோசிச்சுட்டுச் சொல்றேன் என்றால் என்ன அர்த்தம் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். விருத்தாம்பாள் சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். பழக்க தோஷத்தில் பாண்டுரங்கனின் கண் படத்துக்குப் போனது.

அவர் பார்த்த இடத்தைப் பெண்ணின் அப்பாவும் பார்த்தார். எழுந்து படத்தின் எதிரே போய் நின்றார்.

"உங்க நைனாவா?"

"ஆமாங்க. அவரு கட்டின வீடு."

"நல்ல முகம்."

மீசை சமமில்லாத அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் சட்டத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விருத்தாம்பாள் கையிலிருந்த கரண்டி நின்றது.

அவர் திரும்பினார். முன்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தொட்டதும் உடம்பே சிலிர்த்துப்போச்சுங்க. நெசமா. இங்க பாருங்க, மயிர் குத்திட்டு நிக்குது." கையை நீட்டிக் காட்டினார். "இனிமே யோசிக்க இன்னா இருக்குது. பெரியவரே சரின்னுட்டாரு. எப்ப தட்டு மாத்திக்கலாம்னு சொல்லுங்க."

எழிலன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். பாண்டுரங்கன் விருத்தாம்பாளைப் பார்த்தார். விருத்தாம்பாள் காலித்தைப் பார்த்தாள்.

காலித் பஜ்ஜித் தட்டை மேசைமேல் வைத்தான். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு, ஒட்டடை பார்க்கிறவன் மாதிரி படத்துப் பக்கம் போய்ச் சட்டத்தின் அடியில் வைத்தான். எரியவில்லை. டெஸ்டரை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினான். மறுபடி வைத்தான். எரியவில்லை.

"இன்னா தம்பி அது?" என்றார் அவலூர்பேட்டைக்காரர்.

"பேனாங்க," என்றான் காலித்.